தொட்டில் கயிற்றில் பேட்ஜ்

அளவுக்கு மேல் கதிர்வீச்சு வாங்கியவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதனால் சேசையா, கதிர்வீச்சை அளக்கும் தன் பேட்ஜை வீட்டுத் தொட்டில் கயிற்றில் மாட்டிவிட்டுத்தான் அணு உலைக்குள் இறங்குவான். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலரும் அப்படித்தான். மாதக் கடைசியில் மட்டும் சட்டையில் குத்திவந்து ஒப்படைப்பான்.

ஆய்வகத்தில் ஜெபமணி பேட்ஜுக்குள் இருந்த வில்லையைச் சூடாக்கினாள். எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியதோ அவ்வளவு வெளிச்சம் விடும். எப்போதும் இருண்டே கிடக்கும் அவனுடைய வில்லை இந்த மாதம் சுடர்விட்டது. உடனே அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

“இவ்வளவு வாங்குற அளவுக்கு எங்கண்ணே நின்னீங்க?”

சேசையா குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். உலைக்குள் போட்டிருந்த, அங்கத்துத் தூசி படிந்த இதே சட்டையோடுதான் தினமும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவான்.

“நான் வாங்கலம்மா. அது பாப்பா தொட்டில்லதான் கெடந்துச்சு.”