சிவப்பு சைக்கிள் படம்

ஆபீஸிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் கணவன் கடிதத்தை நீட்டினான்.

“பாரு, வக்கீல் நோட்டீஸ்! நம்ம சைக்கிள் கடை வெப்சைட்ல போட்டோமே சிவப்பு சைக்கிள் படம், அது ஏதோ கம்பெனியோடதாம். கேக்காம எடுத்துட்டோமாம், நஷ்டஈடு கட்டணுமாம். நெட்ல சும்மா கிடந்ததுதானே?”

அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

“முதல்ல வெப்சைட்லேருந்து படத்தை எடுத்துடுங்க. போன் பண்ணிக் கெஞ்ச வேண்டாம். படம் அவங்களோடதுன்னு ஆதாரம் கேட்டு ரெண்டு வரி எழுதிப் போடுங்க.”

“கேட்டா விட்டுடுவாங்களா?”

“பாதிப் பேரை விட்டுடுவாங்க. ஆனா யாரும் கேக்கறதில்லை, பயந்துடறாங்க.”

“இதை அடிச்சு அனுப்பினவன் உருப்படுவானா?”

“திட்டாதீங்க. ஒரு நாளைக்கு நாற்பது லெட்டர் அடிக்கணும். யாருக்குப் போகுதுன்னு பார்க்கக்கூட நேரமிருக்காது.”

“என்னமோ கூடவே இருந்து பார்த்த மாதிரி சொல்றே?”

கடிதத்தின் அடிமூலையை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். பல ஊர் வக்கீல்களுக்குக் கடிதம் அடித்துத் தருவதும், வரும் பதில்களைப் படித்துப் பிரிப்பதும்தான் அவள் ஆபீஸின் வேலை. அடித்தவரின் இனிஷியலை அங்கே பொடி எழுத்தில் போடுவார்கள்.

அது அவளுடைய இனிஷியல்.

அவன் பேனாவைத் தேடி எடுத்தான்.

“பதிலைச் சுருக்கமா எழுதுங்க” என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. “அதையும் நான்தான் படிச்சாகணும்.”