இன்சூரன்ஸ் கம்பெனி தந்த பரிசு

இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு ஆரோக்கியசாமியையும் மரியபுஷ்பத்தையும் கப்பல் பயணத்துக்கு அனுப்பியது அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனி. அது கட்டிவிட்ட பட்டை இருவர் மணிக்கட்டிலும் ஐந்து வருடங்களாக நாடித்துடிப்பை அளந்துகொண்டிருந்தது. உடம்பை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதற்கு வெகுமதி என்று நினைத்துச் சந்தோஷமாகக் கிளம்பினார்கள்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில், எதிரே அமர்ந்திருந்த பெண்மணி பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களையும் இன்சூரன்ஸ்காரங்கதான் அனுப்புனாங்களா? போன வருஷம் எங்க அக்காவும் அத்தானும் இதே கப்பல்ல வந்தாங்க. திரும்பி வந்து மூணே மாசத்துல அத்தான் போயிட்டாரு. அவங்ககூட வந்த பன்னிரண்டு ஜோடியிலயும் இப்ப ஒவ்வொருத்தர்தான் மிச்சம்."

பக்கத்திலிருந்த அவளுடைய கணவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மரியபுஷ்பம் எழுந்துபோய், கப்பலிலேயே இருந்த கம்பெனி அலுவலரான இளம்பெண்ணிடம் நேராகக் கேட்டாள்.

"எங்க ரெண்டு பேர்ல யாருக்கு நாள் நெருங்கிருச்சுன்னு இந்தப் பட்டை சொல்லுது?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லம்மா. நல்லா சந்தோஷமா இருந்துட்டுப் போங்க," என்றாள் அந்த இளம்பெண் கனிவாக.

அறைக்கு வந்து கணவரிடம் அதைச் சொன்னாள். ஆரோக்கியசாமி தன் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "புஷ்பம், வீட்டுப் பத்திரம் பீரோவுல கீழ்த்தட்டுல இருக்கு. தண்ணி மோட்டார் ஓடலன்னா பச்சை சுவிட்ச ரெண்டு தடவை போட்டுப் பாரு," என்றார்.

"அதெல்லாம் எனக்கெதுக்கு? நீங்க சோறு வடிக்கக் கத்துக்கங்க. ஒரு டம்ளர் அரிசிக்கு..."

அவர் அதைக் காதில் வாங்காமல் மோட்டாரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் நிறுத்தவில்லை.