குழாயில் நின்ற தண்ணீர்

காலையிலிருந்து செங்கல் சுமந்த இடுப்பு கடுக்கிறது. மூன்று மாதக் கர்ப்பம் வேறு. இருந்தும் புருஷனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்காரவில்லை. டாக்டரம்மாவின் பேனா, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருக்கும் ஆண் உடல் படத்தின் மேல் நகர்கிறது. "விந்தணு இங்க உருவாகி, இந்தக் குழாய் வழியா மேல போகுது. உங்க குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்ல நான் வெட்டிக் கட்டினது இந்த இடம். அதுக்கு முன்னாடியே தாண்டிப் போன விந்தணு தீர மூணு மாசம் ஆகும். அதுக்குத்தான் டெஸ்டுக்கு வரச் சொன்னேன். வந்தீங்களா?" "ஒருநாள் வேலை கெடுமேன்னு..." புருஷன் இழுக்கிறான். "ஆபரேஷனுக்கு அப்புறம் அஞ்சாவது வாரம் கரு தங்கியிருக்கு. கணக்கு சரியாத்தான் இருக்கு." அவன் விரலில் ஒட்டிய குழாய்ப் பசையைச் சுரண்டுகிறான். அவள் கேட்கிறாள்: "ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறீங்க. வால்வை மூடினாலும் குழாயில நிக்கிற தண்ணி வரும்னு தெரியாதா?" "சரி விடு. வா, வீட்டுக்குப் போலாம்." "எந்த வீட்டுக்கு? யாரு பிள்ளைன்னு கேட்டு என் துணிமணியத் தெருவுல வீசினீங்களே, அங்கயா?" மின்விசிறிக் காற்றில் மேசைமேல் அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட் தாள் படபடக்கிறது. அவன் காலி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போடுகிறான். அதன் கால்கள் தரையில் கிறீச்சிடுகின்றன. அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். அவன் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.