வெள்ளம் நிற்கும் உயரம்

"யோசிக்கிறதைச் சத்தமா யோசிங்க. விடை சரியா தப்பான்னு பிறகு பாத்துக்கிடலாம்," என்றாள் லிஷா.

நிஜினுக்கு உள்ளங்கை வியர்த்தது. புதுச் சட்டையில் துடைக்க மனம் வராமல் கைக்குட்டையைத் தேடினான்.

மாடி அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், மூடிவைத்த லேப்டாப், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. லிஷா பெங்களூர் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்குத் தலைவி. இந்த மாடிதான் அவளுக்கு ஆபீஸ். அவனை இங்கே கொண்டுவந்து விட்ட வேதமாணிக்கம், "இருவது நிமிஷம் ஆக்கும். அவ கேக்கதுக்குப் பதில் சொன்னா போரும்," என்று சொல்லிவிட்டுக் கீழே போயிருந்தார்.

இது அவனுக்கு நாலாவது இடம். முந்தைய மூன்று இடங்களிலும் நன்றாகச் சிரித்துப் பேசி, "பிறகு சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அமரவிளையிலிருந்து வரும் வழியெல்லாம் அம்மா கிருபாபாய் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். "எலே மக்கா, இந்த இடமாவது அமையட்டு. எங்கயாவது வாயைப் பொளந்து பாத்துட்டு இருந்திராத."

லிஷா பலகையில் ஆங்கில எழுத்தில் 'மலையாளம்' என்று எழுதினாள். எம், ஏ, எல், ஏ, ஒய், ஏ, எல், ஏ, எம்.

"இதுல ஒரே ஒரு தடவை வந்த எழுத்து எது? நம்ம கண்ணு சொல்லிரும். கம்ப்யூட்டருக்குக் கண்ணு கிடையாதே, அது எப்படிக் கண்டுபிடிக்கும்?"

ஒன்பது வருஷமாகக் கோடிங்தான் அவனுக்குச் சோறு. இது சிரமமில்லை.

"ஒரு தடவை முழுக்க ஓடி, எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணி வச்சுக்கிடணும். மறுபடி முதல்லேருந்து பாத்துட்டு வந்தா, எண்ணிக்கை ஒண்ணுன்னு உள்ளது மாட்டிக்கிடும். ஒய். மத்த எல்லாத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு ஜோடி உண்டு. இது மட்டும் நடுவுல ஒத்தைக்கு நிக்குது, பாவம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். லிஷாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"இது கொஞ்சம் கஷ்டம்," என்று அவள் உயரமும் குட்டையுமாகப் பத்துக் கட்டங்களை வரிசையாக வரைந்தாள். "இதெல்லாம் சுவர். மேல மழை பெஞ்சா, இடையில எவ்வளவு வெள்ளம் கட்டி நிக்கும்?"

நிஜின் பலகையைப் பார்த்தான். அதை ஒட்டிய ஜன்னலில் ஒற்றசேகரமங்கலத்து மலைகளும் அதே மாதிரி உயரமும் குட்டையுமாக நின்றன. மேகம் ஒன்று தாழ இறங்கியிருந்தது. பலகையில் பெய்கிறதா, மலையில் பெய்கிறதா என்று தெரியாமல் அவனுக்குள் மழை பெய்தது. ஒவ்வொரு பள்ளமாக நிறைந்தது. ரப்பர் மரங்கள் மெல்ல முங்கின. அசையாத வெள்ளத்தில் ஆகாயம் கிடந்தது. அதன் கரையில் காலை நனைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரோ இருப்பது போலவும் இருந்தது.

"சத்தம் கேக்கல்லியே?" என்றாள் லிஷா.

திடுக்கிட்டு எழுந்து மார்க்கரை வாங்கினான். "இடது பக்கத்துல இதுவரை வந்த பெரிய சுவரை ஞாபகம் வச்சுக்கிடணும். அதுலேருந்து இந்த இடத்து உயரத்தைக் கழிச்சா, இங்க நிக்கற வெள்ளம்." மளமளவென்று எழுதிக் கூட்டி, விடைக்கு அடியில் கோடும் போட்டான்.

லிஷா எழுந்து வந்தாள். வலது கோடியில் இருந்த குட்டைச் சுவரில் விரலை வைத்தாள்.

"இந்தப் பக்கம் உயரம் இவ்வளவுதானே உண்டு? வெள்ளம் ஒழுகிப் போயிராதா?"

நிஜினுக்கு 'அதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன்' என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. இந்த இடமும் போய்விடுமே. பலகையை இன்னொரு முறை பார்த்தான். வெள்ளம் முழுக்க வலது பக்கமாக வழிந்து ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. தன்னை மீறிச் சிரித்துவிட்டான்.

"ஆமா. நான் ஒரு பக்கம் மட்டும்தான் பாத்தேன். என் தப்பாக்கும்." எழுதியதை எல்லாம் உள்ளங்கையாலேயே அழித்தான். "ரெண்டு பக்கமும் பாக்கணும். எந்தப் பக்கத்துப் பெரிய சுவர் குட்டையோ, அந்த உயரத்துக்குத்தான் வெள்ளம் நிக்கும். நீங்க சொல்லல்லன்னா நான் இப்படியே விட்டிருப்பேன்."

லிஷா மார்க்கரை அவனிடமிருந்து வாங்கி மூடினாள்.

"இதே கேள்வியை உங்களுக்கு முன்ன வந்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன்," என்றாள். "ரெண்டு பேரும் இதே இடத்துலதான் தப்பு விட்டாங்க. ஒருத்தர் கேள்வியே சரியில்லன்னார். இன்னொருத்தர் கால் மணிக்கூர் எனக்குக் கிளாஸ் எடுத்தார்."

நிஜின் கறுத்துப்போன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டா? நடுவுல ஜன்னல் பக்கமா பாத்துட்டே இருந்தீங்களே, அப்போ என்ன யோசிச்சீங்க?"

"மலை நிறைய வெள்ளம் கட்டி நிக்கது மாதிரி... சும்மா, ஒரு சொப்பனம்."

"அதையும் சத்தமா யோசிச்சிருக்கலாம்," என்றாள் லிஷா.

அவன் பதில் சொல்வதற்குள் அவள் படிக்கட்டுப் பக்கம் போய்க் கைப்பிடியில் சாய்ந்து கீழே இருந்த வேதமாணிக்கத்துக்குக் குரல் கொடுத்தாள்.

"அப்பா! எனக்குச் சம்மதமாக்கும். மாப்பிளை வீட்டுக்காரங்ககிட்ட கல்யாணத் தேதியைப் பேசுங்க!"