மாண்டலேயிலிருந்து வந்த போர்வை

1928 ஐப்பசியில், பர்மாவின் மாண்டலே அரண்மனையில் தச்சுவேலை முடிந்து ராஜையன் சொந்த ஊரான தோவாளைக்குத் திரும்பினான். அதற்குள் மனைவி ராகேலைப் புதைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“ஏலே, கடைசிக் காய்ச்சல்ல அவ அரண்மனையத்தான் சுத்திக்கிட்டிருந்தா,” என்றாள் அக்கா லீலாபாய். “கிழக்க ராஜாவுக்க கொலுமண்டபம், அதுக்கு மேல ஏழடுக்குக் கூரை, மேற்க ராணிமாருக்க அறைகள்னு சொன்னா. காவல்மாடப் படியில எனக்க மாப்பிள நடுங்கிக்கிட்டுக் கெடக்காவன்னு அழுதா.”

அரண்மனையைப் பற்றி ராஜையன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் படியில் அவன் காய்ச்சலோடு கிடந்தது உண்மை. விழித்தபோது யாரோ போர்த்திவிட்டிருந்த போர்வையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான்.

அக்கா அதை விரித்துப் பார்த்தாள். “இதப் போர்த்தித்தானே அவளக் குழியில வச்சோம்!”

வெளியே மழை கொட்டியது. ராஜையன் போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“அப்போ அவளுக்குக் குளிராதா அக்கா?”