முதலாளியின் இதயத்தில் ஒரு பேய்

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்கேன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தார் முதலாளி. முகமெல்லாம் பல்.

"நல்லாப் பாத்துக்குங்க! நம்ம கம்பெனி மெஷின்ல என் இதயத்தையே காட்டப் போறேன்."

மெஷின் வாங்க வந்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள்.

"நானும் அதுக்குத்தாங்க வந்தேன். கட்டிக்கிட்ட நாளா இவருக்கு அது இருக்கான்னே சந்தேகம்" என்றாள் முதலாளியின் மனைவி. அறையே குலுங்கியது.

பழைய மெஷின் நாலைந்து துடிப்பைப் பிடித்து, ஒட்டுப் போட்டுத்தான் இதயத்தை முழுசாகக் காட்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. முதலாளியால் ஆகிற காரியமா அது? புது மெஷின் ஒரே துடிப்பில் மொத்தத்தையும் பிடித்துவிடும். ஆனால் அந்த அவசரத்தில் இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி, படத்தில் வெள்ளை வெள்ளையாய்த் தெரியும். அதற்குக் கம்பெனியில் பெயர் 'பேய்'. அதைத் துடைக்கிற புரோகிராமை எழுதிய பெண்ணுக்குப் பெயர் 'பேயோட்டி'.

பேயோட்டி ஜெல்லைத் தடவி, கருவியை அவர் நெஞ்சில் வைத்தாள்.

"ஐயோ, கூசுதும்மா!"

பெரிய திரையில் இதயம் வந்து குதித்தது. கூடவே ஒரு கூட்டம் பேய்.

அவள் மெஷினில் பேயைத் துடைக்கிற திருகை மெல்லத் திருப்பினாள். ஒன்று ஓடியது. இன்னொன்று ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"பேசிக்கிட்டேதானே இருக்கேன், படம் உடையுதா பாருங்க!" என்ற முதலாளி, குஷியில் ஒரு பாட்டே எடுத்து விட்டார்.

"பேய் ஓடினது இந்தப் பாட்டுக்குத்தான்" என்றாள் மனைவி.

ஒன்று மட்டும் ஓடவில்லை. இதயத்துக்குள்ளே திராட்சை அளவில், துடிப்புக்குத் துடிப்பு ஆடிக்கொண்டிருந்தது.

"அது ஏன் போக மாட்டேங்குது?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"நான் இருக்க வேண்டிய இடத்துல யாருங்க அது உக்காந்திருக்கிறது?" மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பேயோட்டி மட்டும் சிரிக்கவில்லை. கருவியை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள், விலாவுக்குக் கீழே கொண்டுபோனாள். முதலாளி புழுவாய் நெளிந்தார்.

"திருகை முழுசாத் திருப்பேம்மா!"

"இதுக்கு மேல திரும்பாது சார்." அவள் திரையை அணைத்தாள். "மன்னிச்சுக்குங்க. கோளாறு என் புரோகிராம்லதான். இன்னும் வேலை பாக்கி இருக்கு."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, பாக்கலாம்" என்று கிளம்பினார்கள். மனைவி அவர்களை வழியனுப்பப் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், முதலாளி துள்ளி எழுந்தார்.

"கைக்கு எட்டினதைக் கெடுத்துட்டியே! நேத்து வரைக்கும் எல்லாப் பேயும் ஓடுச்சு. இன்னிக்குப் பாத்து என் மானத்தை வாங்கணுமா? இந்தா, நான் தொண்டை கிழியக் கத்தறேன், நீ போனை நோண்டிக்கிட்டு நிக்கற!"

அவள் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை நீட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவங்க கிளம்பறப்பவே நமக்குத் தெரிஞ்ச இதய டாக்டருக்குப் படத்தை அனுப்பிட்டேன் சார். பதில் வந்திருக்கு. பேயா இருந்தா கருவியைச் சாய்க்கச் சாய்க்க இடம் மாறும். இது மாறல. உள்ளே ஒரு கட்டி மாதிரி இருக்காம். எடுத்துடலாம், பயப்படாம உடனே வரச் சொல்றார்."

முதலாளி துண்டும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... புரோகிராம்?"

"அது நல்லாத்தான் இருக்கு சார். பேயை ஓட்டப் பாதித் திருகு போதும். முழுசாத் திருப்பினா நிஜமா இருக்கிறதையும் துடைச்சிடும். அதான் திரும்பாதுன்னு சொல்லிப் பாதியிலயே நிறுத்திட்டேன்."

"அதை அங்கேயே சொல்றதுக்கு என்ன? பழியை ஏன் உன் தலையில போட்டுக்கிட்டே?"

"மேடம் சிரிச்சுக்கிட்டிருந்தாங்களே சார்."