மத்தியானம் மட்டும் ஓடிய மெஷின்

ஜன்னலோர மெஷின் தையல் விட்டது.

நாலு விரல் நீளம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு தையல் தாவும். காலரில் தையல் தாவினால் அந்தச் சட்டை எதற்கும் ஆகாது. செக்கிங் மேஜையிலிருந்து கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது.

மெஷினில் உட்கார்ந்திருந்தவள் பெரியக்கா. அந்தச் சட்டைக் கம்பெனியின் தையல் தளத்தில் பாதிப் பேருக்கு ஊசி மாட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளைக் குறை சொல்ல எவனுக்கும் வாய் வராது. அதனால் மெஷினைக் குறை சொன்னார்கள்.

மெக்கானிக் வந்தான். மெஷினைச் சாய்த்தான். சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி மேலேறும் நேரத்துக்கு அடியிலிருக்கும் கொக்கி வந்து நூலைப் பிடிக்கிறதா என்று பார்த்தான். டைமிங் சரியாகத்தான் இருந்தது. சும்மா போனால் மரியாதை இல்லையே என்று எண்ணெய் விட்டு, எதையோ முடுக்கிவிட்டுப் போனான்.

சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தால் மெஷின் சமர்த்தாக ஓடியது.

"நம்ம கை பட்டா அப்படித்தான்" என்றான்.

மறுநாள் காலை மறுபடி தாவியது. தினமும் காலையில் ஊசி மாற்ற வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரியக்கா புது ஊசி மாட்டினாள், ஓட்டினாள், தாவியது. மெக்கானிக் வந்து குடைந்தான். மத்தியானம் சரியானது. தினமும் இதே கூத்து. காலையில் மாமியார், மத்தியானம் மருமகள் என்று பக்கத்து வரிசையில் அந்த மெஷினுக்குப் பேர் வைத்துச் சிரித்தார்கள்.

ஒருநாள் சாப்பிடப் போன பெரியக்கா, மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தாள். அவள் மெஷின்மேல் ஒருத்தி குனிந்திருந்தாள். கையில் திருப்புளி.

பக்கத்து மெஷின்காரி. வேறு யாருமில்லை, பெரியக்காவின் கொழுந்தன் பெண்டாட்டி.

வீடு ரெண்டானதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. காரணம் எதற்கு? எல்லா வீட்டிலும் இருப்பதுதான். பெரியக்கா அவளை ஓரகத்தி என்று உறவு சொல்லியே பேசுவதில்லை. 'அவ' என்பாள். அதோடு சரி.

அன்றைக்குத் தளமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். குடும்பத்தைக் கெடுத்தது போதாதென்று என் வேலைக்கும் உலை வைக்க வந்துவிட்டாள் என்றாள். ஆளாளுக்கு 'அதானே பார்த்தோம்' என்றார்கள்.

சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு எதிலும் இரண்டாவது பேச்சு கிடையாது. போன மாதம் பட்டன் தைக்கிற அம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்ததும், அந்த நிமிஷமே மெஷினை விட்டு எழுப்பி மடிப்பு மேஜைக்கு அனுப்பியவர்.

"மெஷினைத் தொட்டியா?"

"தொட்டேன் சார்."

"எதுக்கு?"

சின்னவள் பெரியக்காவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"சும்மாதான்."

"சும்மாவா? நாளையிலேர்ந்து வராதே."

அவள் வாதாடவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் மட்டும் நின்றாள்.

"அக்கா, இனிமே ஊசியை மெக்கானிக்கையே மாட்டச் சொல்லுங்க."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா? உனக்கே நான்தான்டி சொல்லிக்கொடுத்தேன்."

"ஆமாக்கா. நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க."

போய்விட்டாள். பீடை ஒழிந்தது என்றாள் பெரியக்கா.

மறுநாள் காலை தையல் தாவியது. மத்தியானமும் தாவியது. சாயங்காலம் வரை தாவியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மெக்கானிக் கொக்கியையே மாற்றிப் பார்த்தான். ம்ஹூம். நாளைக்கும் இப்படியென்றால் ஆளை மாற்றிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் மெக்கானிக்குக்குக் குனிந்து ஊசியைப் பார்க்கத் தோன்றியது.

தையல் தாவினால் முதலில் ஊசியைப் பார், அப்புறம் டைமிங்கைப் பார் என்பது தொழிலில் முதல் பாடம். பெரியக்கா மாட்டிய ஊசியாயிற்றே என்று இத்தனை நாள் அவன் பார்க்கவேயில்லை.

ஊசியில் நெடுக ஓடும் பள்ளம் இடப்பக்கம் இருக்க வேண்டும். கோணலாகத் திரும்பியிருந்தது. கழற்றி அவள் கையில் கொடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பெரியக்கா, இதுல பள்ளம் எங்கே இருக்கு, சொல்லுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். எட்டப் பிடித்தாள். கிட்டப் பிடித்தாள். ஊசியே ஒரு நிழல் மாதிரித்தான் தெரிந்தது. பள்ளத்துக்கு எங்கே போவது?

அவன் ஊசியை வாங்கித் தானே மாட்டினான். மெஷின் ஓடியது. ஒரு தையல் தாவவில்லை.

"அப்போ மத்தியானத்துல மட்டும் ஓடிச்சே" என்றாள் பெரியக்கா மெல்ல. "நீதானே ஊசியைச் சரி பண்ணினே?"

"நான் ஊசியைத் தொட்டதே இல்லைக்கா."

பெரியக்கா பக்கத்து மெஷினைப் பார்த்தாள். அதன்மேல் துணி போர்த்தியிருந்தது.

மெஷின் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து சூப்பர்வைசர் வந்தார். என்னய்யா கோளாறு என்றார்.

மெக்கானிக் பெரியக்காவை ஒரு பார்வை பார்த்தான். "டைமிங் சார். மயிரிழை நகர்ந்திருந்தது."

"ஒருவழியா சரி பண்ணிட்டே."

பெரியக்கா மெஷினை நிறுத்தினாள். எழுந்து, ஸ்டூலைத் தள்ளிவிட்டு நின்றாள்.

"அவன் பொய் சொல்றான் சார். எனக்குக் கண்ணு தெரியலை, ஊசியைத் தப்பா மாட்டியிருக்கேன். தினமும் மத்தியானம் அதைச் சரி பண்ணினது..."

பல வருஷமாகச் சொல்லாத வார்த்தை.

"என் ஓரகத்தி."